கெனில்வொர்த் ரோடு: வீட்டுக்கு அடியில் வாசல் வைத்த மைதானம்

இங்கிலாந்தின் லூட்டன் டவுன் கால்பந்து கிளப்பின் கெனில்வொர்த் ரோடு மைதானத்துக்குப் போக யாரோ ஒருவர் வீட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டுமாமே, அது நிஜமா, இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சப் படியான பிரீமியர் லீக் ஆடிய கிளப்புக்கு இவ்வளவு குட்டி மைதானம் எப்படி, அதை ஏன் இன்னும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் உண்மையில் ஒரே பதில்தான். அந்த கிளப் நூறு வருஷத்துக்கு மேல் அங்கே இருக்கிறது, அதில் பாதிக் காலம் எப்படியாவது வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று முயன்றபடியே இருந்தது. போக முடியவில்லை. நீங்கள் போட்டோவில் பார்த்துச் சிரிக்கிற ஒவ்வொரு கோணலும், போக முடியாததால் இருக்கிற இடத்திலேயே ஒட்டுப் போட்டுச் சமாளித்ததன் அடையாளம்.

முதலில் அந்த வாசல். ஓக் ரோடு என்று ஒரு தெரு. இரண்டு பக்கமும் செங்கல் வீடுகள், நம்மூர் லைன் வீடு மாதிரி ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும், ஆனால் மாடி உண்டு. நான் ஒரு முறை ஆட்டம் இல்லாத நாளில் அந்தத் தெரு வழியாக நடந்திருக்கிறேன். வாசலில் குப்பைத் தொட்டி, ஜன்னலில் திரை, நிறுத்தி வைத்த கார், எல்லாம் சாதாரணத் தெருதான். நடந்துகொண்டே இருக்கும்போது அந்த வரிசையில் ஓர் இடத்தில் மட்டும் கீழ்த்தளம் இல்லை. மாடி அப்படியே இருக்கிறது, ஜன்னலோடு. கீழே வீட்டுக்கதவு இருக்க வேண்டிய இடத்தில் மைதானத்தின் வாசல். இரண்டு வீடுகளின் கீழ்த்தளத்தை எடுத்துவிட்டு அங்கே சுழல் கதவு வைத்துவிட்டார்கள். அதற்குள் நுழைந்தால் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டு அக்கம்பக்கத்து வீடுகளின் கொல்லைப்புறத்துக்கு மேலேயே ஏறிப் போகிறது. கொடியில் காயும் துணி, பிள்ளைகளின் சைக்கிள், சமையலறை விளக்கு என எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் நீங்கள் மேலே போவீர்கள், போனதும் திடீரென்று எதிரே பச்சைப் புல்லும் கோல் கம்பமும்.

ஆக, யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை, வீட்டுக்கு அடியில் போகிறோம். இன்னொன்று, இது எல்லோருக்குமான வாசல் இல்லை. ஓக் ரோடு ஸ்டாண்ட் எதிரணி ரசிகர்களுக்கு ஒதுக்கப்படுவது, அவர்கள்தான் இப்படிப் போவார்கள். விளையாட்டு வீரர்கள் வேறு பக்கம் சாதாரண வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். 2023-ல் லூட்டன் பிரீமியர் லீகுக்கு ஏறியபோது அந்தச் சந்தின் போட்டோவைப் போட்டு, மான்செஸ்டர் சிட்டியின் நட்சத்திர ஆட்டக்காரர் ஹாலண்ட் இதன் வழியாக வரப்போகிறார் என்று ஊரெல்லாம் கேலி செய்தார்கள். சந்து வழியாக வந்தாரோ இல்லையோ, 2024 பிப்ரவரியில் எஃப்.ஏ. கப் (தோற்றால் வெளியேறும் கோப்பைப் போட்டி) ஆட்டத்துக்கு வந்த ஹாலண்ட் அங்கே ஒரே இரவில் ஐந்து கோல் அடித்துவிட்டுப் போனார், சிட்டி 6-2. கேலி யார் பக்கம் திரும்பியது என்று பாருங்கள்.

சரி, ஏன் இப்படி ஓர் இடம்?

லூட்டன் லண்டனுக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டர் போல இருக்கும் ஊர். ஒரு காலத்தில் வைக்கோல் தொப்பி செய்வதில் பெயர் பெற்றது, கிளப்புக்கு ‘ஹேட்டர்ஸ்’ என்று பட்டப்பெயர் வந்தது அதனால்தான். கிளப் தொடங்கியது 1885-ல். தெற்கு இங்கிலாந்தில் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஆட வைத்த முதல் கிளப் இவர்கள்தான் என்பது அவர்களுக்கு இன்றும் பெருமை. முதலில் டாலோ லேன், பிறகு 1897 முதல் டன்ஸ்டபிள் ரோடு என்று இரண்டு மைதானங்களில் ஆடினார்கள். இரண்டாவது இடம் வீடு கட்ட விற்கப்பட்டுவிட்டது. அவசர அவசரமாக இடம் தேடி, பக்கத்திலேயே கிடைத்த துண்டு நிலத்தில் 1905 செப்டம்பர் 4-ம் தேதி பிளைமவுத் ஆர்கைலோடு முதல் ஆட்டம் ஆடினார்கள். கோல் இல்லாத டிரா. அந்த நிலம்தான் கெனில்வொர்த் ரோடு. வீட்டுமனையால் துரத்தப்பட்டு வந்தவர்கள் வந்து சேர்ந்ததும் வீடுகளுக்கு நடுவில்தான். ஒரு பக்கம் லூட்டன்–டன்ஸ்டபிள் ரயில் பாதை, மற்ற பக்கமெல்லாம் தொழிலாளர் குடியிருப்பு. அன்றைக்கு அது குறையாகத் தெரிந்திருக்காது. சனிக்கிழமை மதியம் வேலை விட்டதும் நடந்தே வந்துவிடலாம், ரசிகர்கள் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். மைதானத்தை விரிக்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் சிக்கல் புரிகிறது: எந்தப் பக்கம் கை நீட்டினாலும் அங்கே ஒருவர் குடியிருக்கிறார்.

1921-ல் மெயின் ஸ்டாண்ட் தீப்பிடித்து எரிந்துபோனது. அடுத்த வருஷமே புதிதாகக் கட்டினார்கள், பெரும்பாலும் மரத்தால். வேடிக்கை என்னவென்றால், பல முறை ஒட்டுப் போட்டு நீட்டி, நடுவில் தூண் கொடுத்து நிறுத்தி, அந்த மர ஸ்டாண்டை வைத்துத்தான் 2023-ல் பிரீமியர் லீக் ஆடினார்கள். அங்கே தூணுக்குப் பின்னால் இருக்கை கிடைத்தால் ஆட்டத்தில் ஒரு துண்டு உங்களுக்குத் தெரியாது. பந்து தூணுக்கு இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் வரும், நடுவில் என்ன நடந்தது என்று பக்கத்து ஆளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சின்ன மைதானம் என்றாலும் பெரிய நாட்கள் உண்டு. 1936 ஏப்ரல் 13, ஈஸ்டர் திங்கள். பிரிஸ்டல் ரோவர்ஸோடு ஆட்டம், மூன்றாம் டிவிஷன். லூட்டனுக்கு நடு ஃபார்வர்டு ஆட ஆள் இல்லை. ரிசர்வ் அணியில் நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஜோ பெய்ன் என்கிற பையனை, வேறு வழியில்லாமல் முன்னால் நிறுத்தினார்கள். அவர் பத்து கோல் அடித்தார். ஆட்டம் 12-0. இங்கிலீஷ் ஃபுட்பால் லீகில் ஒரே ஆட்டத்தில் ஒருவர் அடித்த அதிக கோல் என்ற சாதனை இன்றும் அதுதான். சும்மா இடத்தை நிரப்ப அனுப்பிய ஆள் செய்த வேலை!

1950-களில் கிளப் முதல் டிவிஷனுக்கு, அதாவது அன்றைய உச்சப் படிக்கு, ஏறியது. 1953-ல் விளக்குக் கம்பங்கள் வந்தன. 1959-ல் எஃப்.ஏ. கப் ஆறாவது சுற்று மறு ஆட்டத்துக்கு, பிளாக்பூலோடு, 30,069 பேர் வந்தார்கள். அதுதான் மைதானத்தின் உச்சக் கூட்டம். பிற்காலத்தில் பத்தாயிரம் சொச்சம் பேர் உட்கார்ந்தாலே நெருக்கடி என்று தோன்றுகிற அந்த இடத்தில் முப்பதாயிரம் பேர், பெரும்பாலானோர் நின்றபடி. அந்த வருஷம் இறுதிப் போட்டி வரை போய் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டிடம் 2-1 என்று தோற்றார்கள். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அதேதான்: 1960-ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியவர்கள் 1965-க்குள் நான்காம் டிவிஷனில் இருந்தார்கள். இந்த ஏற்ற இறக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைவிடப் பெரிதாக ஒரு முறை நடக்கப்போகிறது.

இப்போது 1985. மைதானத்தின் வரலாற்றில் ஒரே ஒரு வருஷத்தைச் சொல்லு என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மார்ச் 13, புதன்கிழமை இரவு, எஃப்.ஏ. கப், எதிரணி மில்வால். அந்தக் காலத்தில் மில்வால் ரசிகர் கூட்டத்தில் வம்புக்கென்றே வரும் கும்பலும் உண்டு, வேறு சில லண்டன் கிளப்களின் ரவுடிகளும் அன்று கூடச் சேர்ந்துகொண்டார்கள் என்று சொல்லப்பட்டது. எதிர்பார்த்ததை விட மிக அதிகக் கூட்டம். ஸ்டாண்ட் கொள்ளாமல் களத்துக்குள் வழிந்தார்கள், பதினான்காவது நிமிஷத்தில் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. எப்படியோ மறுபடி தொடங்கி லூட்டன் 1-0 என்று ஜெயித்தது. விசில் ஊதியதும் மறுபடி களத்துக்குள் இறங்கி, இருக்கைகளைப் பிடுங்கி போலீஸ்காரர்கள் மேல் எறிந்தார்கள். எண்பத்தொரு பேருக்குக் காயம், அதில் முப்பத்தொரு பேர் போலீஸ். டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது அந்த ஆரஞ்சு நிற இருக்கைகள் பறக்கும் காட்சிதான். பிரதமர் தாட்சர் நேரடியாகத் தலையிட்டார்.

பக்கத்தில் குடியிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். வேறு ஊரில் மைதானத்தில் கலவரம் என்றால் அது மைதானத்தோடு போகும். இங்கே மைதானத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கலவரம் தெருவுக்கு வந்தால் வீடு, கார், ஜன்னல் எல்லாம்தான் அடி வாங்கும்.

அப்போது கிளப் தலைவராக இருந்த டேவிட் எவன்ஸ், 1986-87 சீசனிலிருந்து எதிரணி ரசிகர் ஒருவரையும் உள்ளே விட மாட்டேன் என்று அறிவித்தார். உள்ளூர் ரசிகர்களும் உறுப்பினர் அட்டை காட்டினால்தான் உள்ளே. எதிரணி ரசிகர்களுக்கு இடம் தர வேண்டும் என்று லீக் கப் விதி சொன்னது, இவர் மறுத்தார், அந்த வருஷம் லீக் கப்பிலிருந்தே லூட்டனை நீக்கினார்கள். அதற்கும் அசையவில்லை. நான்கு சீசன் இந்தத் தடை நீடித்தது. எவன்ஸ் 1987-ல் கன்சர்வேடிவ் கட்சி எம்.பி. ஆனார். நாட்டின் எல்லா மைதானங்களிலும் அடையாள அட்டை கட்டாயம் என்று தாட்சர் அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது, அதற்கு லூட்டன்தான் மாதிரி. 1989-ல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசலில் ரசிகர்கள் இறந்த விபத்து நடந்து, அதை விசாரித்த டெய்லர் அறிக்கை அந்தத் திட்டத்தை ஏற்காததால் அது கிடப்பில் போனது. எனக்கு எவன்ஸ் செய்தது பிடிக்கவில்லை. நாலு பேர் செய்ததற்கு நாலாயிரம் பேரை வெளியே நிறுத்துவது நியாயமில்லை, எதிரணிக் கூட்டத்தின் சத்தம் இல்லாத ஆட்டம் உப்பில்லாச் சாப்பாடு. ஆனால் ஓக் ரோட்டில் குடியிருந்தவர்களிடம் கேட்டால், சனிக்கிழமை நிம்மதியாக ஜன்னலைத் திறந்து வைத்திருந்த நான்கு வருஷம் அது என்று சொல்லியிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதே 1985-ல் புல்லை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தரை போட்டார்கள். லண்டனில் கியூ.பி.ஆர். என்ற கிளப் 1981-ல் போட்டதற்கு அடுத்து இங்கேதான். காரணம் எளிது, காசு. புல் தரையில் வாரத்துக்கு ஓரிரு முறைதான் ஆடலாம், பிளாஸ்டிக் என்றால் தினமும் வாடகைக்கு விடலாம், மழையால் ஆட்டம் நின்றுபோவதும் இல்லை. பந்து ரப்பர் பந்து மாதிரி எகிறும், சறுக்கி விழுந்தால் தோல் வழன்றுவிடும். வருகிற அணிகள் வெறுத்தன. எதிரணிக்கு ஆதரவுச் சத்தமும் கிடையாது, கால்பட்டுப் பழகிய தரையும் கிடையாது. 1986-87-ல் லூட்டன் முதல் டிவிஷனில் ஏழாவதாக முடித்தது, அவர்கள் வரலாற்றில் அதுதான் உச்சம். தரையால்தான் ஜெயித்தார்கள் என்று மற்றவர்கள் பொருமினார்கள். முழு நியாயம் இல்லை. 1988-ல் வெம்ப்ளியில், நல்ல புல்லில், ஆர்சனலை 3-2 என்று வீழ்த்தி லீக் கப் ஜெயித்தார்களே, அதற்கு என்ன சொல்வது? அந்த ஆட்டத்தில் கோல்கீப்பர் டிபிள் ஒரு பெனால்டியைத் தடுத்தார், கடைசி நிமிஷத்தில் பிரையன் ஸ்டீன் கோல் அடித்தார். 1991-ல் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டார்கள்.

மைதானத்தின் ஒரு பக்கம் ஸ்டாண்டே இல்லாமல் கண்ணாடி அறைகள் மட்டும் வரிசையாக இருந்ததைக் கவனித்திருக்கலாம். அந்தப் பக்கத்துக்குப் பெயர் பாபர்ஸ் ஸ்டாண்ட். ஒரு ஷில்லிங்கை அந்த ஊர்ப் பேச்சில் ‘பாப்’ என்பார்கள். ஒரு பாப் கொடுத்தால் அங்கே நுழைவு என்பதால் அந்தப் பெயர். மில்வால் கலவரத்தில் இருக்கை பிடுங்கப்பட்ட இடம் அதுதான். 1986-ல் அங்கே பணக்காரர்களுக்கான தனி அறைகளை ஒரு வரிசையாக வைத்துவிட்டார்கள். பின்னால் வீடுகள் இருப்பதால் அகலம் இல்லை, அந்த ஒல்லியான இடத்தில் வேறெதுவும் நிற்காது. அறைகள் உயரமில்லாததால் பந்து அடிக்கடி வெளியே பறக்கும், அதற்காக மேலே வலை கட்டியிருந்தார்கள். சாமானியன் ஒரு ஷில்லிங் கொடுத்து நின்ற இடத்தில் கம்பெனி முதலாளிகள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள், பெயர் மட்டும் மாறவில்லை.

வெளியேறும் முயற்சிகளைச் சொன்னால் பட்டியல் நீளும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1980-களில் மில்டன் கீன்ஸுக்கே மாறிவிடலாம் என்று நிர்வாகம் யோசித்தது. ஊரையே விட்டுப் போவதா என்று ரசிகர்கள் கொதித்தெழுந்து அதைத் தடுத்தார்கள். (அதே மில்டன் கீன்ஸுக்கு 2003-ல் விம்பிள்டன் கிளப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ரசிகர்கள் பட்ட பாட்டைப் பார்த்தபோது லூட்டன்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கும்.) 1989-ல் பணத் தேவைக்காக மைதானத்தை நகராட்சிக்கு விற்றுவிட்டு அதிலேயே குத்தகைக்கு இருந்தார்கள், அதாவது சொந்த வீட்டை விற்று அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது போல. 1990-களில் தலைவர் டேவிட் கோலர் நெடுஞ்சாலை ஓரமாக, கூரை மூடிய பெரிய அரங்கம் கட்டப்போவதாகச் சொன்னார். ‘கோலர்டோம்’ என்று அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அரசு அனுமதி கிடைக்கவில்லை. பெயர் வைப்பதில் இருந்த அவசரத்தைப் பார்த்தால் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

பிறகு வந்ததுதான் அந்தப் பெரிய சறுக்கல். பணக் கோளாறுகளுக்காக 2008-09 சீசனை லூட்டன் மைனஸ் 30 புள்ளியோடு தொடங்கியது. கால்பந்துச் சங்கம் பத்து, லீக் இருபது. ஒரு ஆட்டம் ஆடும் முன்பே கதை முடிந்தது. லீகை விட்டே வெளியேறி, அரைத் தொழில்முறை அணிகளோடு ஐந்து வருஷம் ஆடினார்கள். கிளப்பை மீட்டெடுத்தது ரசிகர்கள் சேர்ந்து அமைத்த ஒரு குழு. அந்த ஐந்து வருஷமும் மற்ற கிளப்களின் சின்ன மைதானங்களைப் பார்த்துவிட்டு வந்தால் கெனில்வொர்த் ரோடு அரண்மனை மாதிரி தெரிந்திருக்கும். 2014-ல் லீகுக்குத் திரும்பினார்கள். ஒன்பது வருஷம் கழித்து, 2023 மே 27-ல், வெம்ப்ளியில் கவன்ட்ரியை பெனால்டியில் 6-5 என்று ஜெயித்து பிரீமியர் லீக். 1992-ல் பிரீமியர் லீக் தொடங்குவதற்குச் சில மாதம் முன்புதான் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியிருந்தார்கள், கதவு சாத்தும் நேரத்தில் வெளியே விழுந்த மாதிரி. பெல்லி ரடக் எம்பான்சு என்ற ஆட்டக்காரர் ஐந்தாம் படியிலிருந்து முதல் படி வரை ஒரே கிளப்போடு ஏறினார், அப்படி ஏறிய முதல் ஆள் அவர்தான்.

இப்போது சிக்கல் பாருங்கள். பிரீமியர் லீகுக்கு கேமரா மேடை, பத்திரிகையாளர் அறை, விளக்கு எல்லாம் ஓர் அளவுக்குக் கீழே இருக்கக் கூடாது. கோடைக்காலத்துக்குள் பாபர்ஸ் ஸ்டாண்டைக் கிட்டத்தட்ட புதிதாகவே கட்ட வேண்டியதாயிற்று, பத்து மில்லியன் பவுண்டு வாக்கில் செலவு. வேலை முடியாததால் பர்ன்லியோடு இருந்த முதல் உள்ளூர் ஆட்டமே தள்ளிப்போனது. செப்டம்பர் 1-ம் தேதி வெஸ்ட் ஹாமோடு தொடங்கி, 2-1 என்று தோற்றார்கள். ஆனால் அந்த மைதானம் பெரிய அணிகளைத் திணறடித்தது என்பதும் உண்மை. களத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே இடமே இல்லை, கோடு ஓரத்தில் பந்து எறிய நிற்பவரின் காதிலேயே கத்தலாம். லிவர்பூல் கடைசி நேர கோலால்தான் 1-1 என்று தப்பியது. ஆர்சனல் ஏழு கோல் ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில்தான் 4-3 என்று ஜெயித்தது. பிரைட்டனை 4-0 என்று துவைத்தார்கள். கடைசியில் பதினெட்டாம் இடம், மறுபடி கீழே. அடுத்த வருஷம் இன்னும் ஒரு படி கீழே.

ஏன் இன்னும் இடிக்கவில்லை என்றால், புது இடம் தயாராகாமல் இடித்துவிட்டு எங்கே ஆடுவது? ஊர் நடுவில், ரயில் நிலையம் பக்கத்தில், பவர் கோர்ட் என்ற இடத்தில் புது அரங்கத்துக்கு 2019-ல் அனுமதி கிடைத்தது. பிறகு திட்டத்தை மாற்றி, 25,000 பேர் உட்காரும் அளவுக்குப் பெரிதாக்கினார்கள். 2028-ல் திறப்பு என்பது இலக்கு. ஊரை விட்டுப் போகாமல், இன்னும் நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருப்பதால் இந்த முறை ரசிகர்கள் பக்கம் எதிர்ப்பு பெரிதாக இல்லை.

மைதானம் இருக்கும் பரி பார்க் பகுதி தொப்பித் தொழிலாளர்களின் இடமாக இருந்தது போய், இப்போது பெரும்பாலும் பாகிஸ்தான், வங்கதேச வம்சாவளிக் குடும்பங்கள் வாழும் இடம். ஆட்ட நாளில் கடைத்தெருவில் ஆரஞ்சு ஜெர்சிக்காரர்களும், கறிக்கடை வாசலில் பேரம் பேசுபவர்களும், மசூதியிலிருந்து வருபவர்களும் ஒரே நடைபாதையில் இடித்துக்கொண்டு போவார்கள். பக்கத்தில் ஓடிய ரயில் பாதை 1965-லேயே பயணிகளுக்கு நின்றுவிட்டது, 2013 முதல் அதே தடத்தில் பேருந்து ஓடுகிறது. நீங்கள் போவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன்: ஓக் ரோடு படிக்கட்டில் ஏற வேண்டும் என்றால் எதிரணியின் கிளப் வழியாகத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும், லூட்டன் ரசிகராக எடுத்தால் அந்தப் பக்கம் விடமாட்டார்கள். ஏறும்போது கொல்லைப்புறங்களை போட்டோ எடுக்காதீர்கள். அங்கே துணி காயப் போடுகிறவர்களுக்கு அது மைதானம் இல்லை, வீடு.